சீசனுக்கு முன்னாடி நம்ம கடைக்கு ஒரு ‘கண்டுபிடி’ கேம் செய்யறது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் டீத்தூள் கடை, பேக்கரி, தைலக் கடை, ஹோம்ஸ்டே வெச்சிருக்கறவங்களுக்காக இதை எழுதறேன். ஏப்ரல் மே வந்தா டூரிஸ்ட் கூட்டம் மேல ஏறும், எல்லா கடையும் ஒரே மாதிரி ஃப்ளெக்ஸ் போர்டு, ஒரே மாதிரி ‘ஃபேக்டரி விலை’ன்னு எழுதி வெச்சிருப்பாங்க, எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். அதுக்கு பதிலா ஒரு படம், அதுக்குள்ள கார்ட்டூன் ஜந்துங்க ஒளிஞ்சிருக்கும், கம்ப்யூட்டர்லயோ ஃபோன்லயோ கிளிக் பண்ணி பிள்ளைங்க தேடும், தேடி முடிச்சா கடையில ஒரு சின்ன சலுகை. பெரிய கம்பெனிங்க புதுப் படம் வர்றப்பவும் பிஸ்கட் பாக்கெட் விக்கிறப்பவும் செய்யற அதே வேலைதான், நாம காசில்லாம செய்யப் போறோம் அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது. ஒளிச்சு வெக்கறது வேற, காணாம அடிக்கறது வேற. ஒரு ஜந்து நெஜத்துல எங்க இருக்குமோ அங்க கொண்டுபோய் ஒளிச்சு வெச்சா தேடறவன் யோசிச்சுக் கண்டுபிடிப்பான், கண்டுபிடிச்சதும் ‘அட ஆமால்ல’ன்னு சிரிப்பான். கண்ட இடத்துல கண்டதைச் சொருகினா எரிச்சல்தான் வரும், எரிச்சல் வந்த கடைக்கு எவன் வருவான்.

மொதல்ல காட்சி

கம்ப்யூட்டரைத் திறக்கறதுக்கு முன்னாடி பேப்பர்ல பென்சில்ல ஒரு காட்சி போடுங்க. ஒண்ணு போதும், பத்து லெவல் எல்லாம் வேண்டாம், கடை விளம்பரத்துக்கு வர்ற பிள்ளை அஞ்சு நிமிஷம் விளையாடினாலே பெருசு.

எனக்குப் பிடிச்ச காட்சி நம்ம மலையையே நெடுக்க வெட்டின மாதிரி ஒண்ணு. கீழ கல்லாறு, பர்லியாறு, பாக்குத் தோப்பு, பலா மரம். நடுவுல குன்னூர், டீ எஸ்டேட், சில்வர் ஓக் மரம், லைன் வீடு, ஒரு சின்னக் கோயில், அங்கதான் உங்க கடை. மேல ஊட்டி தாண்டி முக்குருத்தி பக்கத்துப் புல்வெளி, சோலை, பாறை. குன்னூர் கிட்டத்தட்ட 1850 மீட்டர், ஊட்டி 2240, தொட்டபெட்டா 2637, இந்த உயரத்துக்குத் தகுந்த மாதிரி மரமும் மாறும் மிருகமும் மாறும், அதனால ஒரே படத்துல மூணு விதமான ஒளியிற இடம் உங்களுக்கு சும்மா கிடைச்சிடுது.

குறுக்க மலை ரயில் போனா படத்துக்கு ஒரு உயிர் வரும். ஆனா தயவுசெஞ்சு இஞ்சினை சரியா வரைங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏர்ற ரயில்ல இஞ்சின் பின்னாடி, அதாவது கீழ்ப்பக்கம் இருந்து பெட்டிங்களைத் தள்ளிட்டுப் போகும், முன்னாடி இழுக்காது. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச பட்டை இருக்கும், அதையும் போடுங்க. 1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் வந்த வண்டி, 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது, அதைத் தப்பா வரைஞ்சு வெச்சா வெளியூர்க்காரனுக்குத் தெரியாது, ஆனா நம்ம ஊர்ப் பசங்க கலாய்ச்சே கொன்னுடுவாங்க.

குறிஞ்சி வரையணும்னு ஆசை இருந்தா மலை முழுக்க நீலமா அடிச்சு விட்டுட்டு ‘இந்த சீசன் வாங்க’ன்னு போடாதீங்க. அது 12 வருஷத்துக்கு ஒரு தடவை, கடைசியா 2018ல பூத்தது, அடுத்தது 2030. வந்தவன் பூ எங்கன்னு கேப்பான்.

யாரை ஒளிக்கறது

பன்னெண்டு ஜந்து போதும். எட்டுன்னா சீக்கிரம் முடிஞ்சிடும், இருபதுன்னா பாதியில விட்டுட்டு போயிடுவாங்க. அதுல ஒம்போது பத்து நம்ம மலை மிருகம் பறவை, மீதி ரெண்டு மூணு நீங்களே கற்பனையா உருவாக்கினது, அதுதான் கடையோட அடையாளமா நிக்கும்.

யானை பர்லியாறு பக்கம் பலா மரத்தடியில. பலா சீசன்ல அங்க நெஜமாவே வந்து நிக்கும், ரோட்டுல வண்டி வரிசையா நிக்கும், எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. மரத்துக்குப் பின்னாடி உடம்பு, தும்பிக்கை மட்டும் கிளை மாதிரி பழத்துக்கு நீண்டு இருக்கட்டும். பெரிய மிருகத்தை ஒளிக்கறதுதான் சுவாரஸ்யம், கண்ணு முன்னாடியே இருக்கும் ஆனா தெரியாது.

காட்டெருமை டீ செடிக்கு நடுவுல. எஸ்டேட்ல அங்கங்க கருப்பா பாறை துருத்திக்கிட்டு இருக்கும் பாருங்க, நாலஞ்சு பாறை வரைஞ்சு அதுல ஒண்ணை காட்டெருமையா மாத்திடுங்க. முட்டிக்குக் கீழ காலு வெள்ளையா சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், செடிக்கு இடையில அந்த வெள்ளை லேசா தெரிஞ்சா போதும். சாயங்காலம் எஸ்டேட்ல நடந்து போறவங்க ஏமாறுறதும் இதே மாதிரிதான், பாறைன்னு நினைச்சுப் பக்கத்துல போயிடுவாங்க.

கரடி கோயில்ல. குன்னூர் கோத்தகிரி பக்கம் ராத்திரி கரடி கோயிலுக்குள்ள புகுந்து விளக்கு எண்ணெயைக் குடிச்சிட்டுப் போறது வருஷா வருஷம் பேப்பர்ல வரும். தூணுக்குப் பின்னாடி பக்திமான் மாதிரி கையில எண்ணெய்ச் சட்டியோட நிக்க வைங்க, இதுக்கு சிரிக்காத ஆளே இருக்க மாட்டான்.

வரையாடு மேல பாறை விளிம்புல மட்டும்தான், டீ எஸ்டேட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. நம்ம மாநில விலங்கு, பாறை நிறத்துலயே இருக்கும், வளைஞ்ச கொம்பைப் பாறை வெடிப்போட சேத்து விட்டா மறைஞ்சிடும். ஒண்ணு ஞாபகம் வைங்க, வரையாட்டுக்கு தாடி கிடையாது, இன்டர்நெட்டுல ஆடு படத்தைப் பாத்து வரையறவங்க எல்லாரும் தாடி வெச்சிடறாங்க.

கருமந்தி சோலைக்குள்ள, கருப்பு உடம்பு, தலை மட்டும் மங்கின பொன் நிறம். மலை அணில் உயரமான மரத்துல, அதோட வாலு உடம்பை விட நீளம், அதனால வாலைக் கொடி மாதிரி தொங்க விடலாம். மரகதப்புறா மாநிலப் பறவை, பச்சை ரெக்கை, காட்டுத் தரையில இலைக்கு நடுவுல. நீலகிரி சிரிப்பான் புதருக்குள்ள, கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடும் துரு நிற வயிறும் மட்டும் தெரியற மாதிரி. சீகார்ப் பூங்குருவி ஓடைக் கல்லு மேல, கருநீலம், நிழலோட நிழலா உக்காந்துக்கும். சாதாக் குரங்கு எங்க இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, உங்க கடை வாசல்ல டூரிஸ்ட்டோட பையைத் தொறந்துட்டு இருக்கும். ஆனா மனுசங்க குரங்குக்குத் தீனி குடுக்கற மாதிரி வரையாதீங்க, யானையோட செல்ஃபி எடுக்கற மாதிரியும் வேண்டாம். பிள்ளைங்க விளையாடற படம், பாத்ததை அப்படியே செய்யும்.

கற்பனை ஜந்துக்கு கடைச் சரக்கையே எடுத்துக்கோங்க. பேக்கரின்னா அடுக்கடுக்கா உடம்பு இருக்கற வர்க்கிப் பூதம், நடந்தா பொடி உதிரும். ஊட்டி வர்க்கிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது, அதுக்கு ஒரு கிரீடம்கூட வெச்சு விடலாம். டீத்தூள் கடைன்னா ரெண்டு இலையும் ஒரு மொட்டும் தலையில முளைச்ச குட்டிப் பையன். தைலக் கடைன்னா கற்பூர மரத்து, அதாவது யூகலிப்டஸ் பட்டையை உரிச்சுப் போத்திக்கிட்ட கெழவன். இதுங்களை மட்டும் நெஜ இடத்துல ஒளிக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா இதுங்களுக்கும் ஒரு குணம் இருந்தா நல்லது, தைலக் கெழவன் சளி பிடிச்ச ஆள் பக்கத்துலதான் இருப்பாரு, அந்த மாதிரி.

தோடர் எம்பிராய்டரி டிசைனை ஜந்துக்கு சட்டையா போட்டு விட்டா அழகா இருக்கும்னு தோணும், எனக்கும் தோணுச்சு. 2013ல அதுக்கும் புவிசார் குறியீடு வந்தாச்சு, அது தவிர அது ஒரு சமூகத்தோட சொத்து, கேலிச் சித்திரத்துல தூக்கி ஒட்டற விஷயம் இல்ல. அவங்ககிட்டயே கேட்டு அவங்களே செஞ்சு குடுத்தா சரி, இல்லன்னா விட்டுடுங்க.

அப்புறம் டிவியில வர்ற பேர் தெரிஞ்ச கார்ட்டூன்களை எடுத்துப் போடறது, இதை நெறைய பேரு சாதாரணமா செய்யறாங்க. வேண்டாங்க. இந்தியாவுல வரைஞ்சவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்பிரைட் இருக்கும், அதுபோக அந்தக் கார்ட்டூன் பேரு உருவம் எல்லாம் டிரேட்மார்க்கா பதிஞ்சு வெச்சிருப்பாங்க. வீட்ல பிள்ளைக்கு வரைஞ்சு குடுத்தா எவனும் கேக்க மாட்டான், கடை விளம்பரம்னா அது வியாபாரம். சினிமாப் பாட்டும் அப்படித்தான். ஏஐ வெச்சு படம் எடுக்கறவங்க கொம்பு காலு வெரல் எல்லாம் பெருசு பண்ணிப் பாருங்க, அதுவும் இந்த மாதிரி நெரிசலான படத்துல அது பாட்டுக்குப் பாதி மிருகம் ஒண்ணை மூலையில போட்டிருக்கும், விளையாடறவன் அதையே கிளிக் பண்ணிட்டு இருப்பான்.

ஒளிக்கற வித்தை

இங்கதான் நேரம் செலவு பண்ணணும். சாஃப்ட்வேரை யாரு வேணா ஒரு நாள்ல கத்துக்கலாம்.

மொத விதி, மூஞ்சியோ இல்ல உடம்புல மூணுல ஒரு பங்கோ வெளிய தெரியணும். வெறும் வால் நுனி தெரிஞ்சா அது தேடல் இல்ல, ஏமாத்து. ரெண்டாவது, நிறம் ஒத்துப் போறது மட்டும் பத்தாது, வெளிச்சமும் ஒத்துப் போகணும். பச்சை செடியில பச்சைப் புறாவை வெச்சும் பளிச்சுன்னு தெரியுதேன்னு முழிப்பீங்க, காரணம் புறா செடியை விட வெளிச்சமா இருக்கும். படத்தைக் கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, அதுலயும் தெரியலன்னா நல்லா ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம், ரொம்ப நேரம் முறைச்சுப் பாத்தும் உங்களுக்கே தெரியலன்னா ஓவரா ஒளிச்சிட்டீங்க. இன்னொண்ணு, ஆண்கள்ல சில பேருக்கு சிவப்பு பச்சை வித்தியாசம் சரியா தெரியாது, அதனால நிறத்தை மட்டும் நம்பி எதையும் ஒளிக்காதீங்க, வடிவத்துலயும் ஒரு பிடி இருக்கணும்.

வடிவத்தை ஒட்ட வைக்கறதுதான் நல்ல கைவேலை. கொம்பு வெடிப்போட சேரணும், வால் கொடியோட, தும்பிக்கை கிளையோட. ஓரக்கோடு ரெண்டும் தொடர்ச்சியா ஓடினா கண்ணு அதை ஒரே பொருளா எடுத்துக்கும். கார்ட்டூன் வரையறவங்க ஜந்துவைச் சுத்தி கனமா கருப்புக் கோடு போடுவாங்க, பேக்ரவுண்டுக்குக் கோடே இருக்காது, அப்படி இருந்தா நீங்க எங்க வெச்சாலும் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தனியா எழும்பி நிக்கும். ஒண்ணு ரெண்டுக்குமே கோடு போடுங்க, இல்ல ரெண்டுக்குமே போடாதீங்க.

படத்தை மூணுக்கு மூணுன்னு ஒம்போது கட்டமா பிரிச்சு, ஒரு கட்டத்துல ரெண்டுக்கு மேல வெக்காதீங்க, எந்தக் கட்டமும் காலியா இருக்கவும் கூடாது. மனுசன் கண்ணு மொதல்ல நடுவுக்கும் மூஞ்சிங்களுக்கும் போகும், அதனால ஒரே ஒரு ஜந்துவை நடுவுக்குப் பக்கத்துல ஈஸியா வெச்சிடுங்க, மொத பத்து செகண்டுக்குள்ள ஒண்ணு கிடைச்சாத்தான் மீதியைத் தேட ஆசை வரும். நாலு ஈஸி, அஞ்சு நடுத்தரம், மூணு கஷ்டம், இந்தக் கணக்கு சரியா வரும்.

என்ன தேடணும்னு கீழ ஒரு பட்டியல் வேணும். நிழல் உருவமா போடலாம், சின்னப் பிள்ளைங்களுக்கு அது நல்லது. ஆனா விடுகதையா போட்டீங்கன்னா பிள்ளையோட வந்த தாத்தா பாட்டியும் பக்கத்துல வந்து உக்காருவாங்க, ஒரு குடும்பமே கடைக்குள்ள நின்னா வியாபாரம் தானா நடக்கும். நான் போட்ட சிலது: ‘வெள்ளை சாக்ஸ் போட்ட கருப்புப் பாறை’, ‘தாடி இல்லாத சாமியார், பாறை நுனியில தவம்’, ‘விளக்கு ஏத்த மாட்டான், எண்ணெயை மட்டும் விட மாட்டான்’, ‘ஆளை விட அவன் வாலு பெருசு, கீழ எறங்கச் சொன்னா எறங்க மாட்டான்’. நீங்களும் வீட்ல பெரியவங்களைக் கேளுங்க, படுக மொழியில ஒரு விடுகதை, தமிழ்ல ஒண்ணுன்னு கலந்தும் போடலாம்.

கம்ப்யூட்டர் வேலை

வரைய கிரிட்டா இல்லன்னா இங்க்ஸ்கேப், ரெண்டும் இலவசம். பேப்பர்ல வரைஞ்சு ஃபோன்ல படம் எடுத்து அதுக்கு மேல வரையலாம். லேயர்னா ஒண்ணு மேல ஒண்ணு வெக்கற தனித்தனி அடுக்கு. பேக்ரவுண்டு ஒரு லேயர், ஒவ்வொரு ஜந்துவும் ஒரு லேயர், ஜந்துவை மறைக்கற புதர் தூண் பாறை எல்லாம் இன்னொரு லேயர். எல்லாத்தையும் ஒரே லேயர்ல வரைஞ்சிட்டு அப்புறம் வெட்டறது பெரிய தலைவலி.

கேம் செய்ய ஸ்கிராட்ச் போதும், எம்ஐடில பிள்ளைங்களுக்காக உருவாக்கினது, புரோகிராம் எழுத வேண்டாம், பிளாக்கை இழுத்து ஒட்டினா போதும், நெட் இல்லாமலும் ஓடற ஆப் இருக்கு. அதுல திரை அளவு 480க்கு 360, நடுப்புள்ளி பூஜ்யம், இடம் வலம் மைனஸ் 240ல இருந்து 240, கீழ மேல மைனஸ் 180ல இருந்து 180. படத்தை 960க்கு 720ன்னு ரெட்டிப்பா வரைஞ்சு ஏத்துங்க, தெளிவா இருக்கும்.

பேக்ரவுண்டை பேக்டிராப்பா, அதாவது பின்னணிப் படமா ஏத்துங்க, ஒவ்வொரு ஜந்துவையும் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமா தனித்தனி ஸ்பிரைட்டா, அதாவது கேம்ல தனியா இயங்கற உருவமா ஏத்துங்க, மறைக்கற புதரும் தனி ஸ்பிரைட், அதுக்கு ‘கோ டு ஃப்ரன்ட் லேயர்’ குடுத்துடுங்க. புதரோட இலை மேல கிளிக் பண்ணினா அந்த கிளிக் புதருக்குப் போகும், ஜந்துவோட தெரியற பாகத்துல பண்ணினாத்தான் ஜந்துவுக்குப் போகும், நமக்கும் அதுதான் வேணும்.

இப்ப ஒரு ஜந்துவுக்கு மட்டும் பிளாக் போட்டு சரி பண்ணிக்கோங்க, மீதிக்கு அப்படியே காப்பி பண்ணலாம். ‘மீதி’ன்னு ஒரு வேரியபிள் (எண்ணிக்கையை ஞாபகம் வெச்சுக்கற டப்பா), எல்லா ஸ்பிரைட்டுக்கும் பொதுவா. ‘கிடைச்சுது’ன்னு இன்னொண்ணு, இது ‘ஃபார் திஸ் ஸ்பிரைட் ஒன்லி’. பச்சைக் கொடி அழுத்தினா ஸ்டேஜ்ல மீதி 12 ஆகணும், ஜந்துல கிடைச்சுது 0 ஆகணும், அதோட இடத்துக்குப் போகணும். ‘வென் திஸ் ஸ்பிரைட் கிளிக்டு’ வந்தா, கிடைச்சுது 0வா இருந்தா மட்டும், அதை 1 ஆக்கு, மீதியில ஒண்ணு கொறை, சத்தம் போடு, முன் லேயருக்கு வா, கொஞ்சம் பெருசாகு, கீழ பட்டியல்ல அதோட இடத்துக்கு கிளைடு ஆகிப் போ. அந்த ‘இருந்தா மட்டும்’ பிளாக்கை விட்டுட்டா பிள்ளைங்க ஒரே கரடியைப் பன்னெண்டு தடவை அழுத்தி கேமை முடிச்சிடும், அதுங்க ரொம்ப விவரம். மீதி 0 ஆனதும் ஒரு பிராட்காஸ்ட் (மத்த ஸ்பிரைட்டுக்குப் போற சேதி), முடிவுத் திரை வரும்.

திரை பூரா சும்மா தட்டிக்கிட்டே இருக்கறவங்களுக்கு மார்க் கொறைக்கறது எனக்குப் பிடிக்காது, அழுவுதுங்க. நம்ம ஊருக்குத் தகுந்த தண்டனை ஒண்ணு இருக்கு, மூடுபனி. வெள்ளையா புகை மாதிரி ஒரு ஸ்பிரைட் திரை முழுக்க வரைஞ்சு மறைச்சு வைங்க. ‘வென் ஸ்டேஜ் கிளிக்டு’ வந்தா தப்பு எண்ணிக்கை ஒண்ணு ஏறட்டும், சரியா ஒண்ணு கிடைச்சா அது பூஜ்யமாகட்டும், அஞ்சு ஆனா மூடுபனி முன் லேயர்ல வந்து கோஸ்ட் எஃபெக்ட் (பின்னாடி இருக்கறது தெரியற மாதிரி மங்க வைக்கறது) 40ல நின்னு மூணு செகண்டு கழிச்சு விலகட்டும். அது மேல இருக்கற வரைக்கும் எந்த கிளிக்கும் கீழ போகாது, ஆனாலும் படம் மங்கலா தெரியும், பிள்ளைங்க இதுக்காகவே வேணும்னு தப்பு தப்பா தட்டறதும் நடக்கும், பரவால்ல. ஸ்டேஜ் கிளிக் எண்ணறது பேக்டிராப்ல தட்டினா மட்டும்தான், முன்னாடி புதர் நெறைய இருந்தா அதுங்களுக்கும் தப்பு எண்ணற பிளாக் போடணும்.

டைமர் வேண்டாம். விடுகதையை யோசிக்கற கேமுக்கு ஓடற கடிகாரம் எதிரி. அதுக்கு பதிலா ஒரு குறிப்பு பட்டன் வைங்க, அழுத்தினா மாட்டாத ஜந்து ஒண்ணு லேசா தும்மட்டும், இல்ல புதர் ஆடட்டும், அடுத்த குறிப்புக்கு அரை நிமிஷம் காத்திருக்கணும்.

ஃபோன்ல விளையாடறவங்கதான் அதிகம் இருப்பாங்க, அதனால ஜந்துவோட தெரியற பாகம் 40 புள்ளிக்குக் கொறையாம பாத்துக்கோங்க. ஆப்பிள்காரன் தொடற பட்டனுக்கு 44 பாயிண்டுன்னு சொல்றான், ஆண்ட்ராய்டுக்கு 48ன்னு இருக்கு, விரல் பருமன் அவ்வளவு. ஃபோனைப் படுக்க வெச்சு விளையாடச் சொல்லி மொத திரையிலயே ஒரு படம் போடுங்க.

தமிழ் எழுத்து ஒரு தொல்லை. கொம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கம்னு உடைஞ்சு போகும். விடுகதை எல்லாத்தையும் இங்க்ஸ்கேப்ல நோட்டோ சான்ஸ் தமிழ் இல்ல காட்டமரான் மாதிரி யாரும் இலவசமா பயன்படுத்தக்கூடிய யூனிகோடு ஃபான்ட்ல அடிச்சு, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ குடுத்து, படமா ஏத்திடுங்க. அப்புறம் எந்த மெஷின்ல திறந்தாலும் உடையாது.

முடிச்சதும் டர்போவார்ப் பேக்கேஜர்ல உங்க ஃபைலைப் போட்டா ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைலா மாத்திக் குடுக்கும், அதைக் கடைக் கம்ப்யூட்டர்ல நெட் இல்லாமலே திறக்கலாம், இல்ல கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச இடத்துல ஏத்தி லிங்க் எடுக்கலாம். ஸ்கிராட்ச் சைட்லயே ஷேர் பண்ணினா உங்க படத்தை யாரு வேணா எடுத்து மாத்தி அவங்க கடைக்கு உபயோகிக்கலாம், அந்த லைசென்ஸ் அப்படித்தான், அதனால கடை ஜந்துங்க இருக்கறதை அங்க ஷேர் பண்ணாதீங்க. மொத்த சைஸ் மூணு எம்பிக்குள்ள வைங்க. காட் ரோட்டுல சிக்னல் வரும் போகும், பஸ்ஸுல உக்காந்து லோடு ஆகுது ஆகுதுன்னு பாத்துட்டு இருந்தவன் அடுத்த வளைவுல மூடிடுவான். சத்தத்துக்கெல்லாம் நீங்களே ஃபோன்ல ரெக்கார்டு பண்ணினது போதும், வர்க்கியைக் கடிக்கற சத்தத்தை விட நல்ல எஃபெக்ட் எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்ல.

கடை எங்க வரணும்

லோகோவை மூலையில பெருசா போட்டு வெச்சா கண்ணு அதை விளம்பரம்னு ஒதுக்கிடும். கடை படத்துக்குள்ள ஒரு கட்டடமா இருக்கணும், நெஜக் கடை மாதிரியே, அதே பெயின்ட், அதே ஷட்டர், வாசல்ல அதே பெஞ்ச். அதுக்குள்ள ஒரு கஷ்டமான ஜந்து ஒளிஞ்சிருந்தா விளையாடறவன் கடையை உத்து உத்துப் பாத்தே ஆகணும், அலமாரியில என்னென்ன இருக்குன்னு அவனுக்கே தெரியாம மனப்பாடம் ஆயிடும். அப்புறம் நேர்ல வந்து நிக்கறப்ப ‘இது அந்தக் கேம்ல வந்த பெஞ்சு’ன்னு பிள்ளை கத்தும். கடைப் பேரு, நேரம், எங்க இருக்குன்னு ஒரு சின்ன மேப், இதெல்லாம் முடிவுத் திரையில மட்டும் போதும்.

கியூஆர் கோடு டீத்தூள் பாக்கெட்ல, பில்லுல, கடைக் கண்ணாடியில ஒட்டலாம். 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில வர்றவங்க இ பாஸ் எடுத்துட்டுத்தான் வர்றாங்க, கியூஆர் காட்டறதும் ஸ்கேன் பண்றதும் யாருக்கும் புதுசு இல்ல.

பரிசு விஷயத்துல கொஞ்சம் ஜாக்கிரதை. பொருள் வாங்கினவங்க பேரைக் குலுக்கிப் போட்டு ஒருத்தருக்குப் பரிசுங்கற பக்கமே போகாதீங்க, தமிழ்நாட்டுல லாட்டரி 2003லயே தடை ஆனது, அது போக வியாபாரத்துக்காக நடத்தற பரிசுப் போட்டியை 2019 நுகர்வோர் சட்டம் நியாயமில்லாத வியாபார முறைங்கற கணக்குல பாக்குது. முடிச்ச எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒண்ணு குடுத்துடுங்க, முடிவுத் திரையைக் காட்டினா ஒரு வர்க்கி, இல்ல ஒரு சின்ன கப் டீ, பில்லுல பத்து ரூபா கொறைப்பு. எதுவா இருந்தாலும் பேப்பர் கவர்ல குடுங்க, பிளாஸ்டிக் தடை இருக்கற மாவட்டம் நம்மளுது. கேம்ல ஃபோன் நம்பர், பேரு, வயசு எதுவும் கேக்காதீங்க. விளையாடறது பூரா பிள்ளைங்க, 2023ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க விவரத்தை எடுக்கணும்னா பெத்தவங்க சம்மதத்தை உறுதி பண்ணிக்கணும், ஒரு வர்க்கிக்காக அந்தத் தலைவலி எதுக்கு.

வெளிய விடறதுக்கு முன்னாடி

ஒரு ஸ்கூல் பிள்ளை, ஒரு அம்மாயி, மொபைல்ல கேமே ஆடாத ஒரு டிரைவர் அண்ணன், இப்படி வேற வேற ஆளுங்களை உக்கார வெச்சு விளையாட விடுங்க. நீங்க பின்னாடி நின்னு வாயைத் திறக்கக் கூடாது, இதுதான் கஷ்டம், ‘அந்தப் பக்கம் பாரு’ன்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். எல்லாரும் விட்ட ஜந்து எதுன்னு பாருங்க, அதை இன்னும் கொஞ்சம் வெளிய இழுங்க. ஒரு ஜந்துவும் இல்லாத இடத்துல ரெண்டு மூணு பேரு தட்டினாங்கன்னா அங்க ஏதோ இருக்கற மாதிரி தெரியுதுன்னு அர்த்தம், அதை அழிக்காதீங்க, அங்கயே ஒண்ணை வெச்சிடுங்க, அதை விட நல்ல ஒளியிற இடம் உங்களால யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. அம்மாயி காட்டெருமையை என்ன பேரு சொல்லிக் கூப்பிடறாங்கன்னு கவனிங்க, பட்டியல்லயும் அதே பேரைப் போடுங்க.

சீசன் முடிஞ்சதும் அதே படத்தை வெச்சு மழைக்காலம் ஒண்ணு, டிசம்பர் உறைபனி ஒண்ணுன்னு மாத்தலாம், பேக்ரவுண்டு நிறத்தை மாத்தி ஜந்துங்களுக்கு குல்லாவும் மஃப்ளரும் மாட்டி வேற இடத்துல ஒளிச்சா புது கேம். அதனாலதான் லேயர் எல்லாத்தையும் பிரிச்சு வைக்கச் சொன்னேன், மூல ஃபைலை பேருல மாசமும் வருஷமும் போட்டு பென் டிரைவ்ல ஒண்ணு, வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல சேவ் பண்ணி வைங்க, இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் பழைய ஹார்டு டிஸ்க் எப்ப கைவிடும்னு சொல்ல முடியாது.